காட்சியும் சோதனையும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கு அண்மையில் அமைந்த பேரூர் மார்க்கையன்கோட்டை. நெல்வயல்கள் சூழ்ந்த அவ்வூரிலும் இன்று மாலை வேளையில் வீடுதோறும் தொலைக்காட்சி ஒளிர்கின்றது. வண்ண நீர் பொங்கி வழிவதையும், புகை வளையங்கள் எழுவதையும் காட்டும் அறிவியல் நிகழ்ச்சிகளைச் சிறுவர்கள் கண்கொட்டாமல் காண்கின்றனர். அக்காட்சிகள் அறிவியலை வளர்க்கின்றனவா? அன்றி, மகிழ்ச்சியின் பொருட்டு அறிவியலுக்குரிய கண்டிப்பைக் கைவிடுகின்றனவா? இவ்வினாவை நாம் ஆராய்வோம்.

நீங்கள் பலமுறை கண்டிருக்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பர். சிறிது நேரத்தில் சுடர் அணையும்; நீர் குவளைக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அஃது எரிந்து தீர்ந்தது, அவ்விடத்தை நீர் நிரப்பிற்று" என்று விளக்குவர். இவ்விளக்கம் கேட்பதற்கு இனியது, நினைவிற்கொள்ள எளியது, ஆயினும் பிழையுடையது.

உற்று நோக்குங்கள். சுடர் எரியும்பொழுது நீர் மெல்லவே ஏறுகின்றது. அணைந்த பின்னரே விரைந்து ஏறுகின்றது. ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றினை வைத்தால் நீர் இன்னும் உயர ஏறும். குவளைக்குள் இருக்கும் பிராணவாயுவின் அளவோ மாறவில்லை. அங்ஙனமாயின் நீர் மிகுதியாக ஏறுவானேன்? வெப்பத்தால் காற்று விரிகின்றது. அதனால் குவளைக்குள் அடைபடும் காற்று குறைகின்றது. ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறுவதும் உண்டு. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகின்றது. நீராவியும் நீராக மாறுகின்றது. வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகின்றது. பிராணவாயு முற்றும் தீருமுன்னரே சுடர் அணைந்துவிடுகின்றது. எரிந்த பகுதிக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் தோன்றிவிடுகின்றன. காட்சி பொய்யன்று, அதற்குக் கூறப்பட்ட காரணமே பொய்.

இதனால், இன்பமூட்டும் சோதனைகளெல்லாம் தீயன என்று கொள்ளலாகாது. இங்கிலாந்தில் ராயல் நிறுவனம் என்னும் கழகத்தில் 1825 ஆம் ஆண்டு முதல் இளைஞர்க்கெனக் கிறிஸ்துமஸ் விரிவுரைகள் நடைபெற்று வருகின்றன. மின்னியல் மேதை மைக்கேல் பாரடே அங்கே ஒரு மெழுகுவத்தியையே பொருளாகக் கொண்டு தொடர் விரிவுரை ஆற்றினார். மகிழ்வித்தார், ஒவ்வொரு கூற்றையும் கண்முன்னே சோதித்தும் காட்டினார்.

அமெரிக்க நாட்டில் 2003 ஆம் ஆண்டு தொடங்கிய 'மித்பஸ்டர்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி பிறிதொரு சான்று. ஆர்க்கிமிடீஸ் கண்ணாடிகளால் கதிரவன் ஒளியைக் குவித்துப் பகைவர் கப்பலை எரித்தார் என்பது பழங்கதை. அந்நிகழ்ச்சியினர் 2004 இல் இதனைச் சோதித்து, இயலாது என்றனர். 2005 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் 127 சிறு கண்ணாடிகளைக் கொண்டு, ஏறத்தாழ 100 அடி தொலைவில் அசையாது நின்ற மரக்கப்பல் உருவம் ஒன்றில் தீமூட்டிக் காட்டினர். எனவே, நிகழ்ச்சியினர் 2006 இலும் 2010 இலும் மீண்டும் சோதித்தனர். தொலைவு, மேகம், கப்பலின் அசைவு ஆகியவை மாறினால் முடிவும் மாறும் என்பது இதனால் விளங்கும். ஒருமுறை தோற்றதனால் ஒன்று இயலாது என்றோ, ஒருமுறை வென்றதனால் எங்கும் இயலும் என்றோ துணிதல் தகாது. எனினும், முன்னர்க் கூறிய முடிவை உலகறிய மறுபடியும் சோதிக்க அவர்கள் நாணவில்லை. அஃது அறிவியலின் பண்பே.

கண்டிப்பின்றிக் காட்சியை மட்டும் நம்பினால் விளைவது யாது? இராசபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பவர், 1996 இல் மூலிகையும் நீரும் கொண்டு எரியெண்ணெய் ஆக்கிக் காட்டினார். நாடே வியந்தது. நீர் ஏற்கனவே எரிந்து முடிந்த பொருள். கைப்பிடி இலையிலோ அத்துணை எரிபொருள் இல்லை. இட்ட பொருள்களையும் கிடைத்த எண்ணெயையும் நிறுத்துப் பார்த்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். அவ்வெண்ணெய் விற்பனை தொடர்பான மோசடி வழக்கில், 2016 இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் பழமொழி அறிவியலுக்கும் பொருந்துமன்றோ?

உண்மைச் சோதனை பெரும்பாலும் பொறுமையை வேண்டுவது. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை நிறுவிக் காத்திருந்த அறிஞர்கள், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களின் சுவட்டை 1965 இல் கண்டனர். அங்கே வெடியோசையும் இல்லை. வண்ணப் புகையும் இல்லை. நாள்தோறும் பார்த்தலும் குறித்தலுமே இருந்தன. அரைமணி நேர நிகழ்ச்சியில் இக்காத்திருத்தலைக் காட்ட இயலாது. தொலைக்காட்சி விட்டுவிடும் பகுதி இதுவே. அறிவியலின் பெரும்பகுதியும் இதுவே.

மாணவர்களே! தொலைக்காட்சியை மூடிவிட வேண்டுவதில்லை. வியப்பு அறிவின் வாயில். ஆனால் வாயிலே வீடாகிவிடாது. ஒரு சோதனையைக் கண்டால், அளந்தார்களா, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்களா, பன்முறை செய்தார்களா, வேறு காரணம் இருத்தல் கூடுமா என வினவுங்கள். ஆசிரியர் உடனிருக்க, மெழுகுவத்திச் சோதனையை ஒன்று, இரண்டு, மூன்று வத்திகளைக் கொண்டு ஐந்தைந்து முறை செய்து, நீர் ஏறும் உயரத்தைக் குறித்து வையுங்கள். இப்பாடத்தில் கூறியதையும் அவ்வாறே சோதித்த பின் ஏற்றுக்கொள்ளுங்கள்.