கட்டடக்கலைஞர் பதிவும் தொழில் ஆயத்தமும்

கட்டடக்கலைத் தொழிலில் நுழைவோருக்கு உரிமம் வழங்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1897ஆம் ஆண்டில் இதற்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் பட்டமும் பணிப்பயிற்சியும் மட்டும் போதா. தனியானதோர் உரிமத் தேர்விலும் வெற்றி பெற வேண்டும்.

நம் நாட்டின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் ஏற்றுக்கொண்ட பட்டத்தைப் பெற்றவர், கட்டடக்கலை மன்றத்தின் பதிவேட்டில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளத் தகுதி உடையவராகிறார். பட்டத்திற்கும் பதிவுக்கும் இடையே தனித் தேர்வு எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. 2006 முதல் நடைபெற்று வரும் 'நாட்டா' தேர்வு, படிப்பில் சேர்வதற்கான திறனாய்வே அன்றி உரிமத் தேர்வன்று. எனவே, பிற நாடுகளில் தேர்வாளர் செய்யும் சோதனையை நம் மாணவர் தமக்குத் தாமே நடத்திக்கொள்ள வேண்டியவராகிறார். அதற்கு ஆயத்தமாகும் வழியை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பதிவின் பொருள்

சட்டத்தின் 37ஆம் பிரிவு, பதிவு பெறாதோர் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. கட்டடம் வடிவமைக்கும் பணியைப் பிறர் செய்வதை இப்பிரிவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே, பதிவு பாதுகாப்பது அப்பெயரின்பால் மக்கள் கொண்டுள்ள நம்பிக்கையையே ஆகும்.

அந்நம்பிக்கையின் அளவை ஓர் உதாரணத்தால் அறியலாம். 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். எவ்வளவு பணி முடிந்துள்ளதோ அந்த விகிதத்திலேயே அதிலிருந்து பணம் எடுக்கலாம். இதற்குப் பொறியாளர், கட்டடக்கலைஞர், பட்டயக் கணக்கர் ஆகிய மூவரும் சான்றளிக்க வேண்டும். பணியிடத்தைச் சரிவரப் பாராமல் இடும் கையெழுத்து, பல குடும்பங்களின் சேமிப்பை அழித்துவிடக்கூடும்.

உயிர்ப் பாதுகாப்பிலும் இப்பொறுப்பு உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மையப் பகுதிக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. வாகனங்களை நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்கள் மீது நிறுத்தியது அதற்கு ஒரு முக்கிய காரணம். 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் தீ விபத்தில் 59 பேர் உயிரிழந்தனர். கூடுதல் இருக்கைகளுக்காக மேல்மாடத்தின் வழியொன்று அடைக்கப்பட்டிருந்தது. தரைத்தளத்தைத் திறந்துவிடுவதும் வெளியேறும் வழியை வகுப்பதும் வரைபடப் பலகையிலேயே முடிவாகும் செய்திகள் என்பதை மாணவர் உணர வேண்டும்.

படிக்க வேண்டிய ஆறு பகுதிகள்

அமெரிக்கத் தேர்வின் ஐந்தாம் வடிவம் 2016 நவம்பரில் தொடங்கியது. அது ஆறு பிரிவுகளைக் கொண்டது. அப்பகுப்பை நம் நாட்டுச் சட்டங்களுக்கும் நடைமுறைக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டு படித்தல் பயன் தரும்.

1. தொழில் நிர்வாகம்: 1972ஆம் ஆண்டுச் சட்டம், 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள், கட்டண முறை, ஒப்பந்தம் ஆகியவை இதில் அடங்கும். பணி பெறுவதற்காகத் தரகு கொடுப்பதும் வாங்குவதும் விதிகளுக்குப் புறம்பானவை.

2. பணி நிர்வாகம்: காலவரை, செலவு, பொறியாளர்களோடு இணைந்து செயல்படும் முறை.

3. தேவையும் இடமும்: உரிமையாளரின் தேவைப் பட்டியல், மண்ணின் தன்மை, காற்றும் வெயிலும், உள்ளாட்சி விதிகள்.

4. திட்டமிடலும் வடிவமைப்பும்: தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதலில் வெளிவந்தது, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இத்தொகுப்பு பரிந்துரையே, உள்ளாட்சி விதிகள் ஏற்கும்போதுதான் கட்டாயமாகிறது. ஆகையால் இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும்.

5. விரிவான வரைபடங்களும் ஆவணங்களும்: பொருள் விவரக் குறிப்பு, அளவுப் பட்டியல், ஒப்பந்தப்புள்ளி.

6. கட்டுமானமும் சரிபார்ப்பும்: பணியிட மேற்பார்வை, அளவெடுத்தல், பட்டியல் தொகைக்குச் சான்றளித்தல், பூசல் தீர்த்தல்.

விதியைக் கணக்காக்கிப் பழகுதல்

விதிகளை மனப்பாடம் செய்வதால் மட்டும் பயனில்லை. ஒவ்வொன்றையும் கணக்காக்கிப் பார்த்தல் வேண்டும். 300 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் உணவுக்கூடத்தைக் கொள்வோம். விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தபடி உணவுக்கூடத்தில் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர் எனக் கணக்கிட்டால் 200 பேர் இருப்பர். அதே கூடத்தில் இருக்கைகளை இட்டுக் கூட்டம் நடத்தினால், ஒருவருக்கு 0.6 சதுர மீட்டர் வீதம் 500 பேர் ஆகிவிடுவர். வாயில்களின் எண்ணிக்கையும் படிக்கட்டின் அகலமும் இவ்வெண்ணிக்கையைப் பொறுத்தே அமைகின்றன. பயன்பாடு மாறும்போது கட்டடத்தின் பாதுகாப்பும் மாறுவது இதனால் புலனாகும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் மற்றோர் உதாரணம். 12க்கு 1 என்னும் சரிவைத் தாண்டலாகாது. நுழைவாயில் தரை 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின் சாய்தளத்தின் நீளம் குறைந்தது 5.4 மீட்டர் வேண்டும். மனையில் இதற்கு முதலிலேயே இடம் ஒதுக்காவிடில், பின்னர் செங்குத்தான, பயன்படாத சாய்தளமே மிஞ்சும்.

பயிற்சிக் காலத்தைப் பயன்படுத்தும் முறை

ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு பருவம் தொழிற்பயிற்சிக்கு உரியது. அலுவலகத்தில் நடைபெறும் பணிகளுள் ஒன்றைத் தேர்ந்து, மேற்கூறிய ஆறு பகுதிகளின் வழியே அதனைத் தொடர்ந்து கவனித்தல் நன்று. வாரம் ஒருமுறையேனும் பணியிடம் செல்ல வேண்டும். வரைபடத்தில் கண்டதற்கும் கட்டப்பட்டதற்கும் உள்ள வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டு, 'இதற்கு நான் சான்றளிப்பேனா? எந்த விதியின் அடிப்படையில்?' என்று தம்மைத் தாமே வினவி, விடையை எழுத்தில் வடித்தல் வேண்டும். அவ்விடைகளை மூத்த கட்டடக்கலைஞர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது சிறந்த தேர்வாக அமையும்.

அலுவலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வரைபடம் பெறும்போது கையெழுத்திட்டவரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா, பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும். பதிவு பெறாதவர் வகிக்கும் பதவிக்கு அப்பட்டப்பெயரை இடலாகாது என்பதையும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவுபடுத்தியுள்ளது. அரசுப் பொறியியல் அலுவலகங்களுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவரை வரைபடம் படியெடுக்கும் வேலையோடு நிறுத்திவிடாமல், அளவெடுக்கும் இடத்திற்கும் ஒப்பந்தப்புள்ளி ஆய்வுக்கும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அப்போதுதான், பதிவு பெற்ற மறுநாளே சான்றளிக்கும் அதிகாரம் பெறும் இளைஞர், அதன் பொறுப்பையும் அறிந்தவராக இருப்பார்.