ஆவியில் வளையும் வில்

நுழையும்முன்

உலர்ந்த மரத்தை வலிந்து வளைத்தால் ஒடியும். அதே மரம் வெப்பமும் ஈரமும் ஏறியபின் கைக்கு இசைந்து வளையும். ஆறியபின் வளைந்த வடிவிலேயே நிலைத்து நிற்கும். மரவில் செய்வோர் கையாளும் இந்நுட்பத்தையும், அது கைமாறி வந்ததன் அருமையையும் இப்பாடம் விளக்குகிறது.

வில்லுக்கு வேண்டிய வளைவு

நாணை இழுக்கும்போது வில்லின் மரத்துள் இருவேறு விசைகள் இயங்குகின்றன. இலக்கை நோக்கிய புறப்பக்கம் இழுபட்டு நீள முயல்கிறது; எய்பவரை நோக்கிய உட்பக்கம் நெருக்குண்டு சுருங்க முயல்கிறது. இவ்விரண்டையும் தாங்குவன, நுனிமுதல் நுனிவரை அறாமல் ஓடும் மர இழைகளே.

சில வில்களின் நுனிகள் இலக்கை நோக்கி எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். இத்தகைய வில், நாணேற்றிய நிலையிலேயே கூடுதல் விசையைத் தேக்கிவைக்கும். இவ்வளைவை நேரான கட்டையிலிருந்து செதுக்கியெடுக்க முயன்றால் இழைகள் குறுக்கே அறுபடும். அறுபட்ட இடத்தில் வில் எளிதில் முறியும். எனவே, இழை அறாமல் வடிவை மாற்றவேண்டும். அதற்குரிய வழி வெப்பமே ஆகும்.

மரம் இளகும் முறை

மரத்திற்கு வலிமை தருவன செல்லுலோஸ் இழைகள். அவற்றைப் பசைபோலப் பிணைத்து நிறுத்துவது லிக்னின் என்னும் பொருள். ஈரமுள்ள மரத்தின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை நெருங்கும்போது லிக்னின் இளகுகிறது. இழைகள் சற்றே நழுவ இடம் கிடைக்கிறது. மரம் ஆறியதும் லிக்னின் மீண்டும் இறுகி, அவ்விழைகளைப் புதிய வடிவில் பிணைத்துவிடுகிறது.

ஆயினும், இளகிய மரமும் எல்லா வகையிலும் இணங்குவதில்லை. வளைப்பதற்குத் தக்க மரங்கள் ஆவியில் இளகியபின், தம் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கும் நெருக்கத்தைத் தாங்கும். நீட்சியையோ நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தாங்கும். ஆகவே, வளைவின் வெளிப்பக்கமே முதலில் பிளக்கும். அப்பக்கத்தில் உலோகப் பட்டையை இறுகப் பொருத்தி வளைத்தால் நீட்சி தடுக்கப்பட்டு மரம் காக்கப்படும்.

ஆவியூட்டலும் வளைத்தலும்

கணுவும் வெடிப்பும் இல்லாத, இழையோட்டம் நேரான மரமே இதற்கு ஏற்றது. சூளையில் மிகுதியாக உலர்த்திய மரத்தைவிடக் காற்றில் உலர்ந்த மரம் நன்கு வளையும். நீண்ட பெட்டியொன்றில் மரத்தை வைத்து, கொதிகலத்திலிருந்து குழாய்வழியே ஆவியைச் செலுத்துவர். அழுத்தம் மிகாதிருக்க, ஆவி வெளியேறப் பெட்டியில் துளை விடுவர். 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கைவினைஞர் கொள்ளும் பொதுக்கணக்கு.

பெட்டியிலிருந்து எடுத்த மரத்தை ஓரிரு நிமிடங்களுக்குள் அச்சில் பொருத்தி இறுக்கவேண்டும்; தயங்கினால் மரம் ஆறிவிடும், பதறினால் பிளந்துவிடும். விடுவித்தபின் வளைவு சற்றே விரியும் என்பதால், வேண்டிய அளவினும் சிறிது மிகுத்தே வளைப்பர். வளைந்த மரத்தை உடனே வில்லாக இழுத்துப் பார்த்தலும் தகாது. ஈரம் நீங்காத மரம் இழுத்த பக்கமே சாய்ந்து நின்று தன் விசையை இழக்கும். மரம் நன்கு உலரும்வரை காத்திருத்தலும் இத்தொழிலின் ஒரு பகுதியே.

இஷியின் வில்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த யாஹி என்னும் தொல்குடி, குடியேறியவர்களின் தாக்குதல்களால் அழிவுற்றது. அக்குடியில் எஞ்சிய ஒருவர் 1911ஆம் ஆண்டு ஒரோவில் நகரத்தருகே காணப்பட்டார். அவர் தம் பெயரை வெளியிடவில்லை. அவர்தம் மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லாலேயே அழைக்கப்பட்டார். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவரிடம், சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் நட்புக்கொண்டு வில்தொழிலைக் கற்றார்.

இஷியிடம் ஆவிப்பெட்டி இல்லை. ஜூனிபர் மரத்தில் செய்த வில்லின் நுனிகளைச் சூடேற்றிய கல்லின்மேல் வைத்து வளைத்தார். வளைவு மாறாதிருக்க வேறொரு மரத்துடன் கயிற்றால் பிணைத்தார். இருளும் உலர்வும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்தார். கருவி வேறாயினும் வெப்பம், பிணைப்பு, பொறுமை என்னும் மூன்றும் ஒன்றே. 1916இல் இஷி மறைந்தார். அவர் கைத்திறத்தைப் பெற்றுக்கொள்ள அவர்தம் குடியில் ஒருவரும் இல்லை. போப் கற்றுக்கொண்டு எழுதிவைத்தமையால் அக்கலை இன்றும் அறியப்படுகிறது. கற்பார் ஒருவர் உளராயின் கலை பிழைக்கும் என்பதற்கு அவ்வில்லே சான்று.

தெரிந்து தெளிவோம்

வியன்னாவில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெத், ஆவியில் வளைத்த பீச் மரக்கழிகளால் 1859இல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி உலகப்புகழ் பெற்றது. வளைக்கும்போது பிளவைத் தடுக்க அவரும் உலோகப் பட்டையைப் பயன்படுத்தினார்.

கற்பவை கற்றபின்

1. எதிர்வளைவைச் செதுக்கிப் பெறாமல் வெப்பத்தால் வளைத்துப் பெறுவது ஏன்? விளக்குக.
2. உம் ஊரில் கற்பாரின்றி மறைந்துவரும் கைத்தொழில் ஒன்றை, அதைச் செய்பவரிடமே கேட்டறிந்து எழுதுக.