காற்றின் கூரையை அளத்தல்

கொட்டாஞ்சேனைத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவர் ஒன்றை அறிவர். தை, மாசி மாதங்களிற் காற்று ஓய்ந்த நாட்களில், அடுப்புப் புகையும் வாகனப் புகையும் மேலெழாது தெருவோடு படர்ந்து நிற்கும். உச்சிவேளையில் வாகனங்கள் பெருகுகின்றன. ஆயினும் காற்றுத் தெளிந்து காணப்படுகின்றது. புகை பெருகவும் காற்றுத் தெளிவது எங்ஙனம்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

ஞாயிற்றின் கதிர்களால் முதலிற் சூடேறுவது நிலமே. நிலத்தைத் தொட்ட வளி சூடேறி, இலேசாகி மேலெழ, மேலுள்ள குளிர்ந்த வளி கீழிறங்குகின்றது. உலைநீர் போல இவ்வாறு புரளும் பகுதியைக் கலப்புப் படை என்பர். இரவில் நிலம் குளிர, அதனை ஒட்டிய வளியும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கும். கீழே தட்பமும் மேலே வெப்பமுமாய் அமையும் இந்நிலை வெப்ப நேர்மாறல் எனப்படும். அது மூடிபோல நின்று புகையை அடக்கிவிடுகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உச்சியிற் கூரையின் உயரம் 1,500 மீற்றர், விடியலில் 300 மீற்றர் எனக் கொள்க. புகையின் அளவு ஒன்றேயாயினும், ஐந்திலொரு பங்கு இடத்தில் அடைபடுவதால் அதன் செறிவு ஐந்து மடங்காகும். 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரில் இத்தகைய மூடி ஐந்து நாட்கள் விலகாது நின்றது. அக்காலத்துக் கணக்கின்படி ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். பிற்கால ஆய்வாளர் இத்தொகையை 12,000 வரை உயர்த்தினர். எனவே கூரையின் உயரத்தை அறிவது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

அதனை அளப்பது எவ்வாறு? கருவி கட்டிய பலூனை மேலே விடுவது பழைய முறை. உலகெங்கும் அது விடப்படும் நியம நேரங்கள் கிறீனிச் நள்ளிரவும் நண்பகலுமாகும். அவை நமக்குக் காலை 5.30 மணியும் மாலை 5.30 மணியுமாம். கூரை உச்சம் அடையும் பிற்பகலை இம்முறை தவறவிடுகின்றது. ஆகவே, நிலத்தில் இருந்தபடியே இடைவிடாது மேலே நோக்கும் கருவிகள் தேவையாயின.

அவற்றுள் முதலாவது ஒலியை அனுப்புவது, சோடார் எனப்படும். வெப்பநிலையின் சிறு ஏற்றத்தாழ்வுகளிற் பட்டு ஒலி திரும்புகின்றது. இரண்டு செக்கனில் எதிரொலி வந்தால், அது புறப்பட்ட உயரம் ஏறத்தாழ 340 மீற்றர். இரண்டாவது லேசர் ஒளியை அனுப்பும் லிடார். தூசியிற் பட்டுத் திரும்பும் ஒளியை அது வாங்குகின்றது. செக்கனின் இலட்சத்திலொரு பங்கில் ஒளி மீண்டால் உயரம் 1,500 மீற்றர். தூசி திடீரெனக் குறையுமிடமே கூரை. மூன்றாவது வானொலி அலையை அனுப்பும் ராடர். ஈரவளியும் உலர்வளியும் சந்திக்குமிடத்தில் அதன் எதிரொலி வலுக்கின்றது.

மூன்றுக்கும் குறைகள் உண்டு. சோடார் சில நூறு மீற்றருக்கு மேற் பெரிதும் எட்டாது. நகரத்து இரைச்சல் அதனைக் குழப்பும். லிடாரோ, நேற்றைய தூசி இரவில் உயரத்தே மிதக்க, அதனையே இன்றைய கூரையென மயங்கக்கூடும். தாழ்ந்த சில நூறு மீற்றர்கள் ராடருக்குப் பெரும்பாலும் புலப்படா. ஒன்று வெப்பத்தையும், ஒன்று தூசியையும், ஒன்று ஈரத்தையும் காண்பதால், ஒன்றன் சான்றை மற்றொன்றால் ஒப்புநோக்குதல் வேண்டும். திருப்பதிக்கு அண்மையில், காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வுகூடத்தில் ராடரும் லிடாரும் பலூனும் ஒருங்கே கொண்டு இவ்வாய்வு நடைபெற்றுள்ளது.

நம் நகருக்கு இரு சிறப்புக் காரணங்களும் உள. ஒன்று, கடல். பகலிற் கடற்காற்றுக் குளிர்ந்த வளியைக் கொணர்வதால், கரையோரத்திற் கலப்புப் படை மெல்லியதாய் இருந்து, உள்நாடு நோக்கித் தடிக்கின்றது. எனவே அவிசாவளையின் கூரையைக் கொண்டு கொட்டாஞ்சேனையின் கூரையைக் கணித்தல் பிழையாகும். மற்றொன்று, வடகீழ்ப் பருவக்காற்றுடன் வரும் அயற்புகை. 1999இல் நடைபெற்ற இந்து சமுத்திரப் பரிசோதனையில், மாலைதீவுகளின் காசிதூ தீவில் வைத்த லிடார், கடலின் கலப்புப் படைக்கு மேலேயும் துணைக்கண்டத்துப் புகைமூட்டம் படர்ந்திருந்ததைக் காட்டிற்று. நிலத்திலுள்ள கருவி தான் நிற்குமிடத்துச் செறிவை மாத்திரமே கூறும். அப்புகை நம் தெருவிற் பிறந்து தாழ்ந்த கூரையின்கீழ் அடைபட்டதா, அன்றி மேலிருந்து இறங்கியதா என்பதை அறிய உயரத்தையும் அளந்தேயாகவேண்டும். காரணம் பிழைத்தால் பரிகாரமும் பிழைக்கும்.

மாணவர்கள் இதற்கு விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயர்ந்த புகைபோக்கி ஒன்றைக் காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் ஒரு மாதம் அவதானித்துக் குறித்து வருக. புகை தட்டையாய் நீண்டு படர்ந்தால் வளி அசைவற்று அடங்கியுள்ளது. சுருண்டு மேலுங்கீழும் புரண்டால் வளி நன்கு கலக்கின்றது. இழைப்பு நோயாற் பிள்ளை வருந்தும் வீட்டில், காலை உடற்பயிற்சியைச் சற்றுப் பிந்தித் தொடங்குவதா என்ற வினாவிற்கு அக்குறிப்பேடு துணைபுரியும். பௌதிகவியல் வகுப்பறையிற் கற்றதை நம் தெருவின் நலத்திற்குப் பயன்படுத்தும் நல்ல தொடக்கம் அதுவேயாகும்.