மனநோய்க்குரிய அவசர சிகிச்சையும் படுக்கைக் குறைவும்

மாரடைப்பு உற்றவனை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொணர்ந்தால், அவனுக்கு உடனே சிகிச்சை தொடங்குகிறது. மனப்பிணி மிகுந்து, தன் உயிருக்கே கேடு சூழும் நிலையிலுள்ளவனோ, பெருநகரங்கள் பலவற்றில், மனநோய்ப் பகுதியில் படுக்கை கிடைக்கும்வரை அவசர சிகிச்சைக் கூடத்தின் நடைவழியில் மணிக்கணக்காகவும், சில வேளைகளில் நாட்கணக்காகவும் காத்துக்கிடக்கிறான். இக்குறை எங்ஙனம் நேர்ந்தது, இதனைத் தீர்க்கும் வழி யாது என்பவற்றை, பெரிதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1955-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மாகாண அரசாங்க மனநோய் வைத்தியசாலைகளில் சுமார் 5,58,000 பேர் தங்கியிருந்தனர். புதிய மருந்துகளின் வரவாலும், நோயாளரை ஆயுள் முழுவதும் அடைத்துவைத்தல் தகாது என்னும் கொள்கை வலுத்தமையாலும், பிற காரணங்களாலும், 1994-இல் அத்தொகை சுமார் 72,000 ஆகக் குறைந்தது. அவற்றிற்கு ஈடாக ஆங்காங்கே மனநல நிலையங்களை நிறுவ 1963-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கருதிய அளவிற்கு அவை எழவில்லை. எனவே, நோய் மிகுந்தோர் பலர்க்கு அவசர சிகிச்சைக் கூடமே புகலிடமாயிற்று.

இதன் அநீதியை வாஷிங்டன் மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் 2014 ஆகஸ்டு 7-ஆம் நாள் எடுத்துக்காட்டிற்று. ஒருவனது விருப்பத்திற்கு மாறாக அவனைத் தடுத்துவைக்கச் சட்டம் இடந்தருவது, அவனைப் பரிசோதித்துச் சிகிச்சை செய்தற்பொருட்டே. அங்ஙனமிருக்க, தகுந்த இடத்தில் படுக்கையில்லை என்னும் ஒரே காரணத்தால் அவனை வேறிடத்தில் நிறுத்திவைத்தல் சட்டத்திற்கு ஒவ்வாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அங்ஙனமாயின், படுக்கைகளைப் பெருக்கினால் மட்டும் போதுமோ? ஓர் எளிய கணக்கை நோக்குவோம். 20 படுக்கைகளுள்ள பகுதியில் ஒவ்வொருவரும் சராசரி 10 நாள் தங்கின், நாளொன்றுக்கு இருவரைச் சேர்க்கலாம். அது 8 நாளாகக் குறையின், இரண்டு நாளைக்கு ஐவரைச் சேர்க்கலாம். அஃதாவது, 5 படுக்கைகள் கூடியதற்கு ஒப்பாகும். குணமடையாதவனை விரைந்து வெளியேற்றுதல் இதற்கு வழியன்று. குணமடைந்த பின்னும் போக்கிடமின்றிக் கழியும் நாட்களையே குறைத்தல் வேண்டும். 2016-இல் இங்கிலாந்தில் கிரிஸ்ப் பிரபுவின் தலைமையில் அறிக்கை வெளியிட்ட குழுவினரும், தக்க குடியிருப்பு இல்லாமையால் பலர் வீணே வைத்தியசாலையில் தங்க நேர்கிறது என்று கண்டனர்.

சேர்க்கும் வாயிலிலும் சீர்திருத்தம் வேண்டும். கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரை உட்கொண்ட அலமேடா கவுண்டியில், மனநோய்க்கென்றே ஓர் அவசர நிலையம் உண்டு. வேறு உடற்பிணி இல்லாதாரை ஆம்புலன்ஸ் ஊழியர் நேரே அங்குக் கொண்டுசெல்வர். ஏனையோர் பிற வைத்தியசாலைகளில் பரிசோதிக்கப்பட்டபின் அங்கு அனுப்பப்படுவர். ஒரு நாளளவு மருந்தும் ஓய்வும் பரிவான பேச்சும் அளித்த பிறகே, உள்நோயாளியாகச் சேர்ப்பதா என்பது முடிவுசெய்யப்படும். 2014-இல் வெளியான ஆய்வொன்றின்படி, பிற வைத்தியசாலைகளிலிருந்து அங்கு அனுப்பப்பட்டோர் காத்திருந்த நேரம் சராசரி 1 மணி 48 நிமிடம். அம்மாகாணத்தின் சராசரியோ 10 மணிக்கு மேற்பட்டது. அங்ஙனம் வந்தோருள் நூற்றுக்கு 25 பேர் அளவினரே உள்நோயாளிகளாயினர். அவர்கள் படுக்கையின்றித் தவித்தல் ஆகாது என்பதற்காகவே, ஏனையோர்க்குரிய உதவியை முன்னரே அளித்தல் அவசியமாகிறது.

ஆகவே, படுக்கைத் தொகையை மட்டும் எண்ணி இவ்விஷயத்தை முடிவுசெய்தல் இயலாது. வந்தவனுக்குச் சிகிச்சை எப்பொழுது தொடங்கிற்று, தேறியவன் செல்ல இடமுண்டா, சென்றபின் அவனைக் கவனிப்பார் யார் என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். நம் மாணவருள் நாளை வைத்தியராகவும் நகராட்சியில் பொறுப்பேற்பவராகவும் விளங்கப்போவோர் பலர். எந்த நகரில் பணிபுரியினும் இவ்வினாக்களை அவர்கள் மறவாதிருப்பாராயின், நடைவழியில் காத்துக்கிடப்போர் தொகை குறையும்.