அக்சலரேட்டரில் சேரும் முன்: கண்டுபிடிப்பு யார் பெயரில்?

கேள்வி: எண்ணூர் கழிமுகச் சேற்றிலிருந்து எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, கசிவைச் சுத்தம் செய்யும் தூள் ஒன்றை இரண்டு நண்பர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஒருவர் இன்னும் கல்லூரியில் ஆய்வு மாணவர். கம்பெனி பதிவாகவில்லை. உயிரித் தொழில்நுட்ப ஸ்டார்ட்-அப்களுக்கான வெளிநாட்டு அக்சலரேட்டர் ஒன்று 7 சதவீதப் பங்கு கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அமெரிக்காவில் கம்பெனி தொடங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கையெழுத்திடலாமா? – வாசகர், டோல்கேட், சென்னை.

பதில்: அக்சலரேட்டர் என்பது குறுகிய காலப் பயிற்சித் திட்டம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும். சிறு தொகை, வழிகாட்டிகள், முதலீட்டாளர்களின் அறிமுகம், கடைசியில் முதலீட்டாளர்கள் முன் மேடையேறி விளக்கும் ஒரு டெமோ டே ஆகியவற்றைத் தந்து, பதிலாகப் பங்கு வாங்கிக்கொள்ளும். ஆய்வக மேசையும் கருவிகளும் வாடகைக்குத் தரும் இன்குபேட்டர் வேறு. கம்பெனிச் சட்டம், 2013-இல் அக்சலரேட்டருக்குத் தனி வரையறை இல்லை. சட்டத்தின் பார்வையில் அது பங்கு ஒதுக்கீட்டு ஒப்பந்தமும் சேவை ஒப்பந்தமும் சேர்ந்த ஏற்பாடு. காகிதத்தில் எழுதியதுதான் உரிமை.

அந்தக் காகிதங்களில் பல மென்பொருள் கம்பெனிகளுக்காக எழுதப்பட்ட மாதிரிகள். இரண்டு நண்பர்கள் தங்கள் லேப்டாப்பில் எழுதிய நிரல் அநேகமாக அவர்களுடையதே. பாக்டீரியாவின் கதை அப்படியல்ல. அது ஒரு பொது நீர்நிலையிலிருந்து எடுக்கப்பட்டது, ஒரு கல்லூரியின் ஃப்ரீசரில் இருக்கிறது, அந்தக் கல்லூரியின் கருவியில்தான் அடையாளம் காணப்பட்டது. ஆகவே 7 சதவீதம் அதிகமா என்ற கேள்வி பிறகு வர வேண்டியது. விற்பதற்கான உரிமை கையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவில் பணியாற்றிய வங்காள விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு 1972-இல் காப்புரிமை கோரப்பட்டது. 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், மனிதர் உருவாக்கிய உயிரிக்குக் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கண்டுபிடித்தவர் சக்கரவர்த்தி, உரிமை அவருக்கு வேலை கொடுத்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இல் ஊழியரோ மாணவரோ செய்த கண்டுபிடிப்பு யாருக்குச் சேரும் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இல்லை. வேலை ஒப்பந்தம், கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கை, உதவித்தொகை கொடுத்த அமைப்பின் நிபந்தனைகள் ஆகியவைதான் தீர்மானிக்கும். சேர்க்கையின்போது மாணவர் கையெழுத்திட்ட படிவத்திலேயே அந்தக் கொள்கைக்குக் கட்டுப்படும் வரி இருக்கலாம். எனவே ஆய்வு மாணவரான நண்பர் செய்ய வேண்டிய முதல் வேலை, கல்லூரியிடமிருந்து எழுத்துப்பூர்வமான தடையில்லாக் கடிதமோ உரிம ஒப்பந்தமோ பெறுவது. ஆய்வு வழிகாட்டிக்குக் கண்டுபிடிப்பில் உண்மையான பங்கு இருந்தால் அவர் பெயரும் கண்டுபிடிப்பாளராக வர வேண்டும். அதை மறைப்பது பின்னாளில் காப்புரிமையையே கவிழ்க்கும். சேறு எடுத்த நாள், இடம், யார் எந்தச் சோதனையைச் செய்தார் என்ற விவரங்கள் தேதியோடு ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது கம்பெனி. பதிவாகாத கம்பெனியால் கையெழுத்திட முடியாது. இப்போது இருவரும் கையெழுத்திட்டால் பொறுப்பு தனிப்பட்ட முறையில் அவர்கள் தலையில் விழும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்து, இருவரும் தங்கள் உரிமையை அதன் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காப்புரிமையின் உரிமை மாற்றம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 68. 'நாங்கள் பள்ளித் தோழர்கள், எங்களுக்குள் எழுத்து எதற்கு?' என்று தள்ளிப்போடுவதால் உடைந்த கம்பெனிகள் நிறைய. நட்பைக் காப்பாற்றவே அந்தப் பத்திரம் தேவை.

இனி சேற்றுக்கு வரலாம். உயிரிப் பன்மைச் சட்டம், 2002-இன்படி நுண்ணுயிரியும் உயிரி வளமே. இந்தியக் குடிமக்கள் ஆராய்ச்சிக்காக மட்டும் அதை எடுக்க முன் அனுமதி தேவையில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு எடுக்கும்போது பிரிவு 7-இன் கீழ் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காப்புரிமை கோரினால், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2023 திருத்தத்தின்படி, அது வழங்கப்படும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பொருளை விற்கத் தொடங்கும் கட்டத்தில் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில் டைசல் பயோ பார்க்கில் இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு இது ஒரு வசதி.

வெளிநாட்டுக் கம்பெனி நடுவில் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வெளிநாட்டில் பதிவான கம்பெனிக்கும், வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள இந்தியக் கம்பெனிக்கும் பிரிவு 3 பொருந்தும். ஆராய்ச்சிக்காகச் சேற்றைத் தொடுவதற்கே ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆய்வு முடிவுகளை அத்தகைய கம்பெனிக்குக் கொடுப்பதற்குப் பிரிவு 4-இன்படி ஒப்புதல் வேண்டும். பணத்துக்குக் கொடுத்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் ஒன்றுதான். அக்சலரேட்டர் கேட்பதுபோல் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி, சென்னையில் துணைக் கம்பெனி என்று அமைத்தால், நேற்றுவரை சுதந்திரமாகச் சேறு அள்ளிய அதே இருவர் இன்று விண்ணப்பத்தோடு காத்திருக்க வேண்டும். 2023 திருத்தம் இச்சட்டத்தின் சிறைத் தண்டனையை நீக்கியது. ஆனால் அபராதம் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.50 லட்சம் வரை போகலாம்.

அந்நியச் செலாவணிச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின் பொது நிலைப்படி, அவர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே துணைக் கம்பெனி இருக்கக் கூடாது. அமெரிக்கத் தாய், சென்னைத் துணை என்ற அமைப்பு நேராக இந்தத் தடையில் போய் இடிக்கிறது. 'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்பது வங்கியிடமோ ரிசர்வ் வங்கியிடமோ பதிலாகாது.

காப்புரிமையில் கேட்கத்தக்கது எது என்பதிலும் தெளிவு வேண்டும். இயற்கையில் இருக்கும் உயிரியைக் கண்டறிவது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(சி)-இன்படி கண்டுபிடிப்பாகாது. எண்ணூரில் கிடைத்த பாக்டீரியாவை அப்படியே காப்புரிமை கோர முடியாது. அவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்து, ஏந்தும் பொருளோடு கலந்து, உப்பு நீரிலும் வேலை செய்யும் தூளாக்கும் முறையைக் கோரலாம். இறுதிப் பொருளில் உயிருள்ள நுண்ணுயிரி இருப்பதாலேயே செய்முறைக் காப்புரிமையை மறுக்க முடியாது என்று டிமினாகோ வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சொற்களால் முழுமையாக விவரிக்க முடியாத, பொதுவில் கிடைக்காத ஸ்ட்ரெயின் என்றால், புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில், விண்ணப்பம் தாக்கலாகும் முன்பே வைப்பு வைக்க வேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் அத்தகைய சேமிப்பகங்கள் உள்ளன. எந்த இடத்துச் சேறு என்பதை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது காப்புரிமையை எதிர்க்கவும் ரத்து செய்யவும் காரணமாகும்.

டெமோ டேயில்தான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். மேடையில் பத்து நிமிடம் தூளின் சேர்மானத்தை விளக்கிவிட்டு மறுவாரம் காப்புரிமை கோரினால் புதுமை போய்விட்டது என்று நிராகரிக்கப்படலாம். இந்தியச் சட்டத்தின் பிரிவு 31 தரும் 12 மாதச் சலுகை, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, கற்றறிந்தோர் அவையில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே பொருந்தும். முதலீட்டாளர் கூட்டம் அதில் சேராது. வழிகாட்டிகள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பதும் வழக்கம். ஆகவே தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். அமெரிக்காவில் முதலில் தாக்கல் செய்யும்படி அக்சலரேட்டரின் வழக்கறிஞர் சொன்னால் ஏற்கக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்காமலும் பிரிவு 39-இன் அனுமதி பெறாமலும் வெளிநாட்டில் தாக்கல் செய்வது சிறைத் தண்டனைவரை கொண்டுபோகும் குற்றம்.

இதற்கெல்லாம் பிறகே பங்கு. கம்பெனியில் 10,000 பங்குகள் இருந்தால், முதலீட்டுக்குப் பின் 7 சதவீதம் என்பது 700 பங்கு அல்ல, 753 புதிய பங்கு. ஒப்பந்தத்தில் 'முழு நீர்த்தலின் அடிப்படையில்' (இனி ஒதுக்கப்படக்கூடிய பங்குகளையும் சேர்த்து) என்று வரும் சொற்கள் இந்தக் கணக்கை இன்னும் மாற்றும். அமெரிக்காவில் புழங்கும் 'சேஃப்' ஒப்பந்தம் பங்கும் அல்ல, கடனும் அல்ல. இந்தியக் கம்பெனிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இங்கே அதை, கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்காக எழுதுவார்கள். அல்லது மாற்றத்தக்க கடன் பத்திரமாக எழுதலாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப்பாக இருக்க வேண்டும், ஒரே தவணையில் ரூ.25 லட்சமோ அதற்கு மேலோ வர வேண்டும். தனியார் ஒதுக்கீடு என்றால் பிரிவு 42-இன்படி பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான படிவமும் உண்டு. பணமே தராமல் வழிகாட்டலுக்கு மட்டும் பங்கு கேட்கும் திட்டங்களும் இருக்கின்றன. உழைப்புப் பங்கைப் பிரிவு 54 இயக்குநருக்கும் ஊழியருக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. வெளியாரின் சேவைக்குப் பங்கு தருவதென்றால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்.

ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். 'கண்டுபிடிப்பு முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம், தேவையான எல்லா அனுமதிகளும் பெறப்பட்டுள்ளன' என்று நிறுவனர்கள் உறுதிமொழி தரும் வரி அது. கல்லூரியின் கடிதமோ பல்லுயிர் வாரியத்துக்கான அறிவிப்போ இல்லாமல் அதில் கையெழுத்திட்டால், அது பொய்யான உறுதிமொழி. இழப்பீட்டுப் பொறுப்பு கம்பெனியைத் தாண்டி வீடுவரை வரும்படியும் சில ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. பொறுப்பு கம்பெனியோடு நிற்க வேண்டும், அதற்கு உச்சவரம்பும் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. நிறுவனர் பங்கு நான்கு ஆண்டில் படிப்படியாக உறுதியாகும் என்ற விதியை அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் பாதியில் விலகினால் மற்றவரை அது காக்கும். விலகியவர் பிறகு இதே துறையில் வேலை செய்யக் கூடாது என்ற தடை, இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-இன்படி பொதுவாகச் செல்லாது. தகராறு சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் முன் தீரும் என்றிருந்தால், டோல்கேட்டில் இருப்பவருக்கு அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். சென்னையை இடமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

தூளைக் கழிமுகத்தில் தூவிப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்பும்படி அக்சலரேட்டர் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அந்தப் பகுதி ஏற்கெனவே எண்ணெய்க் கசிவால் அடிபட்டது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது இளைஞர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோது மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து விசாரித்தது. அந்த நீரில் அனுமதியின்றி எதையும் கொட்ட யாருக்கும் உரிமையில்லை, நல்ல நோக்கம் இருந்தாலும். மரபணு மாற்றிய பாக்டீரியா என்றால் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் தனி.

இந்த நிலையில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். உள்ளூரிலேயே வழி இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012-இல் தொடங்கிய பைராக் நிறுவனத்தின் 'பிக்' மானியம் ரூ.50 லட்சம் வரை தருகிறது. பதிலாகப் பங்கு கேட்பதில்லை. கம்பெனியின் பங்குகளில் 51 சதவீதமாவது இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அமெரிக்கத் தாய்க் கம்பெனி வந்தால் இந்தக் கதவு மூடிவிடும். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்-அப் டிஎன் நடத்தும் டான்சீட் தொடக்க நிதித் திட்டத்தையும் பார்க்கலாம். கல்லூரிக் கடிதம், கம்பெனிப் பதிவு, உரிமை மாற்றப் பத்திரம், காப்புரிமை விண்ணப்பம் என்ற வரிசையில் முடித்தபின், இந்தியக் கம்பெனியிலேயே முதலீடு செய்யச் சம்மதமா என்று அக்சலரேட்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். சம்மதித்தால் பேச்சைத் தொடரலாம்.

காப்புரிமை அலுவலகம் கிண்டியில் உள்ளது. டோல்கேட் மெட்ரோவில் ஏறினால் ரயில் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஸ்டார்ட்-அப்களுக்கும் தனிநபர்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப்புக்கு, மத்திய அரசின் அறிவுசார் சொத்துப் பாதுகாப்புத் திட்டத்தில் பட்டியலிடப்பட்ட உதவியாளரின் தொழில் கட்டணத்தை அரசே செலுத்துகிறது.