பிங் போகிறது, பதில் வரவில்லை!

வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்பைக் கையில் கொடுத்து, “இது என்ன உப்பு, கண்டுபிடி” என்று சொல்வார்கள் அல்லவா? நிறம் என்ன, நீரில் கரைகிறதா, அமிலம் விட்டால் வாயு வருகிறதா என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசையை விட்டவர், மணி அடிக்கும்வரை சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே இருப்பார். கணிப்பொறி வலையமைப்புத் துறையிலும் இதைப் போன்ற செய்முறைத் தேர்வுகள் உண்டு. உப்புக்குப் பதிலாக அங்கே சில கணிப்பொறிகளும், ஸ்விட்ச், ரௌட்டர் என்னும் பெட்டிகளும் இருக்கும். அவற்றை இணைத்து ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். அல்லது பேசாமல் நிற்பவை ஏன் பேசவில்லை என்று கண்டறிய வேண்டும்.

ஐ.டி.ஐ.க்களில் கணிப்பொறி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்புப் பிரிவில் படிப்பவர்களுக்கு இத்தகைய செய்முறைத் தேர்வு உண்டு. சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வு இரண்டு மணி நேரம் நடப்பது. அதில் சில வினாக்களுக்குத் திரையிலேயே ரௌட்டரை இயக்கிக் காட்ட வேண்டும். அதே நிறுவனம் 1993-இல் தொடங்கிய சி.சி.ஐ.இ. என்ற தேர்வோ முழுக்க முழுக்கச் செய்முறையாலேயே புகழ் பெற்றது. இன்றும் அதன் ஆய்வகத் தேர்வு 8 மணி நேரம். நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அது இரண்டு நாள் தேர்வாக இருந்தது. முதலில் தேர்வர் வலையமைப்பை முழுவதும் கட்டி முடிக்க வேண்டும். இரண்டாம் நாள் அவர் உணவுக்குப் போயிருக்கும் நேரத்தில், தேர்வாளர் அதே வலையமைப்பில் பிழைகளை நுழைத்து வைத்துவிடுவார்! திரும்பி வந்தவர் அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2001 அக்டோபரில் தேர்வு ஒரே நாளாகச் சுருங்கியதும் இந்த வழக்கம் போயிற்று. ஆனால் பயிற்சி முறையாக அது இன்றும் மிக நல்லது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதைத் தேர்வாளர் சோதிக்கிறார்? உங்கள் நினைவாற்றலை அன்று. பிழையைத் தேடும் முறையை. இது புரிந்தால் எப்படிப் படிப்பது என்பதும் புரிந்துவிடும். முதலில், வலையமைப்பில் முகவரி என்பது என்ன என்று பார்ப்போம்.

எங்கள் ராயப்பேட்டைக்கு அஞ்சல் குறியீட்டு எண் 600014. இந்த 6 இலக்க எண் முறை 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று இலக்கங்களான 600 சென்னையைக் குறிக்கும். கடைசி மூன்றான 014 ராயப்பேட்டை அஞ்சலகத்தைக் குறிக்கும். டில்லியில் கடிதம் பிரிப்பவருக்கு மணிக்கூண்டு எங்கே, பீட்டர்ஸ் சாலை எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. 600 என்று பார்த்ததும் சென்னைப் பையில் போட்டுவிடுவார். மற்றதைச் சென்னைக்காரர் பார்த்துக்கொள்வார்.

கணிப்பொறியின் ஐ.பி. முகவரியும் இப்படித்தான். 192.168.14.10 என்பது ஒரு முகவரி. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 8 பிட், ஆக மொத்தம் 32 பிட். இதிலும் ‘ஊர்’ பகுதி, ‘வீடு’ பகுதி என்று இரண்டு உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. அஞ்சல் குறியீட்டில் ஊர் எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். இங்கே அதை நாமே தீர்மானிக்கலாம். ஊர் எதுவரை, வீடு எங்கிருந்து என்று கோடு கிழித்துக் காட்டும் எண்ணுக்குச் சப்நெட் மாஸ்க் என்று பெயர். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஊர். கடைசி எண் மட்டும் வீடு. ஒரே ஊரில் உள்ளவர்கள் நேரே பேசிக்கொள்வார்கள். வெளியூர்ச் செய்தியானால் கேட்வே என்னும் வாசலில் உள்ள ரௌட்டரிடம் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு பிழையைப் பிடிப்போமா?

ஓர் அறையில் மூன்று கணிப்பொறிகள். மூன்றும் ஒரே ஸ்விட்சில் இணைந்துள்ளன. வெளியே செல்லும் கேட்வேயின் எண் 192.168.14.1. முதல் கணிப்பொறி அமலாவினுடையது. அதன் முகவரி 10 என்று முடிகிறது. இரண்டாவது பஷீருடையது, 70 என்று முடிகிறது. மூன்றாவது செல்வியினுடையது, 80 என்று முடிகிறது. முன்பகுதி மூன்றுக்கும் 192.168.14 தான். பஷீரும் செல்வியும் தடையின்றிப் பேசுகிறார்கள். அமலாவும் செல்வியும் பேசுகிறார்கள். அமலா பஷீருக்கு பிங் அனுப்பினால் மட்டும் பதில் வரவில்லை. மூன்றிலும் விளக்கு எரிகிறது. கேபிள் நன்றாக இருக்கிறது. பிழை எங்கே?

(பிங் என்பது “இருக்கிறாயா?” என்று கேட்டு, “இருக்கிறேன்” என்ற பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு சிறு நிரல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி எழுப்பும் ஒலியை வைத்துப் பெயரிட்டார்.)

மேலே படிக்குமுன் ஒரு தாளில் முயன்று பாருங்கள்.

முயன்றீர்களா? பஷீரின் மாஸ்க்கைத் திறந்து பார்த்தால் 255.255.255.192 என்று இருக்கிறது. மற்ற இருவருக்கும் 255.255.255.0. இனிக் கணக்குப் போடுவோம். 256-இலிருந்து 192-ஐக் கழித்தால் 64. ஆகவே பஷீரின் பார்வையில் ஒவ்வோர் ஊரிலும் 64 எண்கள்: 0 முதல் 63 வரை ஓர் ஊர், 64 முதல் 127 வரை அடுத்த ஊர், பிறகு 128, 192 என்று தொடங்கும் ஊர்கள். பஷீரின் 70-உம் செல்வியின் 80-உம் ஒரே ஊரில் விழுகின்றன. அமலாவின் 10 வேறு ஊரில் விழுகிறது! அமலா பஷீரை உள்ளூர்க்காரர் என்று நினைத்து நேரே அனுப்புகிறாள். பஷீரோ அமலாவை வெளியூர்க்காரி என்று எண்ணிப் பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கப் பார்க்கிறான். கேட்வேயின் எண் 1. அதுவும் அவனுக்கு வெளியூர்! வாசலையே எட்ட முடியாமல் பதில் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த ஒரு கணக்கை ஓடவிட்டால் தேர்வில் பாதிப் பயம் போய்விடும். மாஸ்க்கில் வரும் எண்கள் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 ஆகியவை மட்டுமே. முறையே 128, 64, 32, 16 என்று பாதி பாதியாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பவை. வாய்ப்பாடு போல் தினமும் ஐந்து கணக்குப் போடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், தேர்வு அறையில் அதைத் தர மாட்டார்கள்.

முகவரிப் பிழையை உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுப் பிடிக்கலாம். கம்பியில் உள்ள பிழை அப்படியன்று. இதில் நானே பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், ராயப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் சிறிய அச்சகத்தில் மாடிக் கணிப்பொறியைக் கீழ்த்தளத்துடன் இணைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். சுமார் 40 மீட்டர் கேபிள். இரு முனையிலும் இணைப்பானை நானே அழுத்திப் பொருத்தினேன். சோதனைக் கருவியை மாட்டினேன். 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கம்பீரமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் அழைப்பு வந்தது: சிறிய கடிதங்கள் போகின்றன; பெரிய படங்களை அனுப்பினால் பாதியில் நிற்கிறது. மூன்று மாலைகள் போய் உட்கார்ந்து முகவரியை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், கணிப்பொறியில் எதை எதையோ மாற்றினேன். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், முன்பு ஓடிக்கொண்டிருந்த அச்சுப்பொறியும் நின்றது! திருமணப் பத்திரிகை வேலை தங்கிப்போய், அச்சக உரிமையாளர் வெளியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார். அவர் கணிப்பொறியைத் தொடவே இல்லை. கேபிளின் முனையைக் கண்ணாடி அருகே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பச்சை ரெண்டையும் ஏம்ப்பா பக்கத்துல பக்கத்துல வச்சே?”

அந்தக் கேபிளுக்குள் 8 கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்காக அன்று. ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சைகை எதிர்எதிராகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். இணைப்பானில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. ஆகவே வழக்கமான வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நான் பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று பச்சை இரண்டையும் சேர்த்து 3, 4-இல் வைத்துவிட்டேன். இரு முனையிலும் ஒரே மாதிரி வைத்ததால் சோதனைக் கருவிக்கு அது சரியாகவே தோன்றியது. ஆனால் 3, 6-இல் சென்ற சைகை, ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரு கம்பிகளில் ஓடியது. இரைச்சல் கழியவில்லை. சிறிய செய்தி எப்படியோ தப்பிச் சென்றது, பெரியது சிதைந்தது.

அந்தப் பெரியவரிடம் நான் கற்ற வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். முதலில் கண்ணால் பார்: விளக்கு எரிகிறதா, கேபிள் முனை சரியா. பிறகு தன் முகவரியும் மாஸ்க்கும் சரியா. பிறகு அதே அறையில் உள்ள மற்றொரு கணிப்பொறிக்கு பிங். பிறகு கேட்வேக்கு. பிறகு வெளியே உள்ள ஒரு முகவரிக்கு, எண்ணாலேயே. கடைசியாகப் பெயரால். எண்ணால் போகிறது, பெயரால் போகவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதால் பயனில்லையென்றால், அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டாம். அண்ணா சாலையைக் கடந்தால் ரிச்சி தெரு. கேபிளும் இணைப்பான்களும் அழுத்தும் கருவியும் பழைய ஸ்விட்சும் அங்கே கிடைக்கும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். ரௌட்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பார்க்கலாம். கம்பியை உரிக்கும் பழக்கத்தை மட்டும் அது தராது.

இனி, முன்பு சொன்ன விளையாட்டு. ஒருவர் வலையமைப்பைக் கட்டட்டும். பிறகு அவர் தேநீர் குடிக்கப் போகட்டும். மற்றவர் மூன்று பிழைகளை நுழைத்துத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். ஒரு மாஸ்க்கை மாற்றலாம். கேட்வே எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தலாம். இரண்டு கணிப்பொறிகளுக்கு ஒரே முகவரி கொடுக்கலாம். திரும்பி வந்தவருக்கு அரை மணி நேரம். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பிழையை நுழைப்பவரும் இதில் நிறையக் கற்றுக்கொள்கிறார். எதை மாற்றினால் எது நிற்கும் என்று முன்கூட்டியே அவர் யோசிக்க வேண்டியிருக்கிறதே!

இன்னொரு வகைப் ‘பயிற்சி’யும் உண்டு. தேர்வில் வரும் வினாக்கள் என்று சொல்லி விடைகளோடு சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணமே சுமார் 300 டாலர்; வீட்டில் கடன் வாங்கிக் கட்டுபவர்களுக்கு ஆசை வருவது இயல்பே. சிக்கினால் சான்றிதழ் போய்விடும், மறுபடி எழுதவும் விடமாட்டார்கள். சிக்காவிட்டாலும், மருத்துவமனை ஆய்வகத்து முடிவு வார்டுக்குப் போகாமல் நிற்கும் இரவில், விடைத்தாள் கையில் இருக்காது.

தேர்வு அறைக்குச் சில வார்த்தைகள். உட்கார்ந்ததும் விசைப்பலகையைத் தொடாதீர்கள். வினாவை முழுவதும் படித்து, வலையமைப்பைத் தாளில் வரைந்து, முகவரிகளை எழுதிக்கொள்ளுங்கள். கட்டளையின் பாதி மறந்துபோனால், ரௌட்டரில் கேள்விக்குறியைத் தட்டினால் அடுத்து வரக்கூடிய சொற்களை அதுவே காட்டும். சில தேர்வுகளின் திரையில் இது வேலை செய்யாமலும் போகலாம். செய்த மாற்றங்கள் முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். சேமிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டே எழுந்திருங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பள்ளிக்கு 192.168.14.0 முதல் 192.168.14.255 வரை முகவரிகள் தரப்பட்டுள்ளன. முதல் அறையில் 50 கணிப்பொறிகள், இரண்டாம் அறையில் 25, மூன்றாம் அறையில் 10. ஒவ்வோர் அறையும் தனி ஊராக இருக்க வேண்டும். கேட்வேக்கும் ஒவ்வொரு முகவரி வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் முதல் எண் ஊரின் பெயருக்கும், கடைசி எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பதற்கும் போய்விடும் என்பதை மறவாதீர்கள். எண்களை வீணாக்காமல், 0-இலிருந்து வரிசையாக மூன்று அறைகளுக்கும் பிரித்து, மூன்று மாஸ்க்குகளையும் எழுதுங்கள். பிரித்து முடித்த பிறகு, இரண்டாம் அறையில் ஒரு மாணவன் தன் கணிப்பொறிக்கு 192.168.14.95 என்று முகவரி கொடுக்க முயல்கிறான். கணிப்பொறி ஏற்க மறுக்கிறது. ஏன்?