இந்த முறை வடக்கே போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

மறுபடியும் இலங்கைக்குக் கிளம்புகிறாய் என்று உன் அப்பா சொன்னான். கண்டி, நுவரெலியா, எல்ல, பெந்தோட்டை எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. ஏஜென்டிடம் கேட்டால் இந்தத் தடவை சிகிரியாவையும் காலியையும் சேர்த்துக் கொடுப்பார். நல்ல இடங்கள்தான். ஆனால் நீ யாழ்ப்பாணம் போக வேண்டும் என்பது என் ஆசை. தமிழ் பேசும் பெண் இரண்டு தடவை அந்த நாட்டுக்குப் போய் வடக்கைப் பார்க்காமல் திரும்புவதா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது. இருந்தாலும் நம் பெங்களூரிலிருந்து கொழும்புக்குப் போய் இறங்கி, கோட்டை ஸ்டேஷனில் பகல் வண்டி ஏறு. 1990இல் நின்றுபோன ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்தது. வவுனியா தாண்டினால் பனை கூடிக்கொண்டே போகும். பாதை வேலைக்காகச் சில சமயம் ரயிலை நிறுத்திவிடுவார்கள்; விசாரித்துவிட்டுக் கிளம்பு. ரயில் இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நான்கு நாளாவது தங்கு. முதலில் பொது நூலகத்துக்குப் போ. 1981 மே மாதக் கடைசி இரவில் வைத்த தீயில் ஓலைச்சுவடிகளும் சுமார் 97,000 நூல்களும் சாம்பலாயின. இப்போது நிற்பது திரும்ப எழுப்பிய கட்டடம். அங்கே நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1962இல் தொடங்கிய ஆவணவியல் பயிற்சி மையம் இன்றும் நம் மைசூர் ரோட்டில் இருக்கிறது. அவர் காலமானதும் பெங்களூரில்தான். வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. வாசிக்கும் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது படி. பக்கத்து மேசையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒரு முழு நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்கு. கடலுக்கு நடுவே போட்ட சாலையில் புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ் போகும். அங்கிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். தீவில் வீட்டு மதில்களைக் கிட்டப் போய்ப் பார். பவளப்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கல்லில் பவளத்தின் கோடுகளும் துளைகளும் அப்படியே தெரியும். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். வெயில் காலத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் பிராணிகள் அவை. துரத்திப் படம் எடுக்காதே. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்.

தங்கும் வீட்டில் முதல் நாளே ஒடியல் கூழ் கேள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய் போட்டுக் காய்ச்சுவது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பலா இலையை மடித்துக் கோலிக் குடிக்க வேண்டும். ஹோட்டலில் கிண்ணத்தில் கொடுத்தால் அந்தச் சுவை வராது.

இதைக் கவனமாகக் கேள். 2009இல் முடிந்த போரைப் பற்றி நீயாக யாரிடமும் கேட்காதே. ஆட்டோ ஓட்டுகிறவரிடம் வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று விசாரிக்க நமக்கு உரிமை கிடையாது. அவர்களாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேள். சினிமாவில் பார்த்ததையும் மேடையில் கேட்டதையும் அங்கே ஒப்பிக்காதே. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து கடலடியை வாரிக்கொண்டு போவதாகவும், வலைகளை அறுப்பதாகவும் மீனவர்கள் உன்னிடம் கோபப்படலாம். நம் பக்க நியாயத்தை எடுத்து அடுக்க வேண்டாம். அங்கே பாதிக்கப்படுவதும் தமிழ் மீனவர்கள்தான், அந்தக் கோபம் நியாயமானது.

நாள் மிஞ்சினால் பூநகரி வழியாக மன்னாருக்குப் போ. திருக்கேதீச்சரமும் மடு மாதா கோயிலும் அந்தப் பக்கம்தான். திருகோணமலையை இதில் திணிக்காதே, அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும்.

நவம்பர், டிசம்பர் வடக்கில் அடைமழை. பிப்ரவரி, மார்ச் நல்லது. ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். அப்போது போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடிக்க வேண்டும். எந்த மாதம் என்று முடிவு செய்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
அத்தை
அல்சூர், பெங்களூரு